பெருந்தும்பிக்கு ஒரு குரல்

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்த காலத்தில் அவரை எல்லோரும் 'வெண்கலம்' என்றுதான் கூப்பிடுவார்கள். நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாய் ஏறியபின் அவர் வாய் திறப்பதே அபூர்வம்.

மருமகள் அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் செய்பவள். சிறகு விரித்தால் இரண்டடிக்கும் மேல் வரும் ஆதிகாலத் தும்பி ஒன்று கூடத்து மேஜையில் உருவாகிக்கொண்டிருந்தது.

"அளவு தப்பிடுச்சாம்மா? தும்பியா, பருந்தா?"

"சரியான அளவுதான் மாமா. பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. உடம்புல இருக்கிற துளை வழியா, பொடிக் குழாய்ங்கள்லதான் காத்து போகும். உடம்பு பெருத்தா குழாய்ங்களே இடத்தை அடைச்சுக்கும். அப்ப காத்துல ஆக்சிஜன் இப்பவிட ரொம்ப அதிகம். அதான் இவ்ளோ வளர முடிஞ்சுதுன்னு சொல்றாங்க."

"அப்புறம்?"

"ஆக்சிஜன் குறைஞ்சுது. பின்னாடி பறவைங்களும் வந்துச்சு. பெரிய உடம்போட தப்பிக்க முடியல."

"பாவம்," என்றார் அவர்.

"மியூசியத்துல இந்த விளக்கத்தைப் பேசிப் பதிவு பண்ண ஆள் தேடறாங்க. நீங்க பேசுங்களேன்."

அவர் முகம் சுண்டிவிட்டது. "மூணு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கறவனா? ஊரே சிரிக்கும்."

அவள் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலையில் அவரே தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேச வேண்டியதை எழுதின பேப்பரைக் கொடு, பார்ப்போம்," என்றார்.

ஒலிப்பதிவாளர் வீட்டுக்கே வந்தார். ஒரு வாக்கியம், ஓய்வு. மறுபடி ஒரு வாக்கியம். நடுவில் இருமல் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டது. மருமகள் தண்ணீரை நீட்டினாள்.

"போதும் மாமா. மீதியை வேற யாராவது பேசட்டும்."

"நடுவழியில எறக்கிவிட்டா பயணிங்க திட்டுவாங்கம்மா," என்று மீண்டும் தொடங்கினார்.

முடிந்ததும் ஒலிப்பதிவாளர், "மூச்சு வாங்கற இடத்தையெல்லாம் வெட்டிடறேன்," என்றார். வெட்டிப் போட்டுக் காட்டியபோது மருமகள் வேண்டாமென்று தலையசைத்தாள். "ஓடறமாதிரி இருக்கு. இது மாமாவே இல்ல. இருமலை மட்டும் எடுங்க."

திறப்பு விழாவன்று அவரைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனார்கள். தும்பியின் கீழே கூட்டம். குரல் நிற்கும்போதெல்லாம் பிள்ளைகளும் பேச்சை நிறுத்தி, அடுத்த சொல்லுக்காக அண்ணாந்து காத்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற காவலாளி, "யாருங்க பேசறது? கணீர்னு இருக்கே," என்றார்.

நாற்காலியில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருமகளைப் பார்த்தார்.

"அடுத்து என்ன செய்யப் போறே?"

"மரவட்டை மாமா. ஆளைவிட நீளம்."

"அதோட காலையெல்லாம் எண்ணிச் சொல்லச் சொல்லாம இருந்தா, நானே பேசறேன்."