நாளுக்குப் பத்தடி நடந்த கூம்புப்பூ

தையல்காரியின் கொல்லையிலிருந்த கூம்புப்பூச் செடி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, வெயில் நன்றாக ஏறிய பிறகு, வேரோடு எழுந்து தெருவை நோக்கிப் பத்தடி நடந்தது. சட்டை ஒன்றுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வந்து, அதைத் தூக்கிப் பழைய குழியிலேயே வைத்து மண்ணை மிதித்துவிட்டாள். புதன்கிழமை அதே நேரத்துக்கு மறுபடி நடந்தது. வியாழக்கிழமை சுற்றிலும் செங்கல் அடுக்கினாள்; செடி செங்கல்லைத் தாண்டிப் போயிற்று. எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த தெருவில் பஸ் ஓட்டுநரின் வீடு. அவர் மனைவி இறப்பதற்கு முன், கடைசி வருஷத்தில் விதைத்த செடி அது. பூக்க இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டதால், கீழே சாய்ந்த ஊதா இதழ்களையும் நடுவில் முள்ளாய்க் குவிந்த கூம்பையும் அந்த அம்மாள் பார்க்கவில்லை. தையல்காரிக்கு எதை நட்டாலும் வரும், இது மட்டும் மூன்று முறை விதைத்தும் வரவில்லை. கண் அறுவை சிகிச்சைக்காக மகள் வீட்டுக்குப் போன ஓட்டுநர், "செடிய மட்டும் பாத்துக்கம்மா" என்று சாவியை இவளிடம்தான் கொடுத்தார். மூன்றாம் நாள் அதை வேர்க்கட்டோடு பெயர்த்து, தைத்த துணிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பையில் வைத்துத் தூக்கி வந்துவிட்டாள். திரும்பி வந்தவரிடம் வேர் அழுகிவிட்டதென்றாள். கண்ணில் கட்டோடு அந்தக் குழியருகே நின்று அவர், "போறதுக்கு முன்னாடி நாந்தான் தண்ணிய அள்ளிக் கொட்டிட்டேன் போல" என்றார். "ஆமாண்ணா, இதுக்குத் தண்ணி அதிகமானா ஆகாது" என்றாள் இவள். செடியை எடுத்ததைக்கூட அவள் அவ்வப்போது மறந்திருந்தாள். அந்த 'ஆமாண்ணா' மூன்று வருஷமாகத் தொண்டையிலேயே நின்றது.

அவள் திருப்பி வைப்பதை விட்டுவிட்டாள்; நான்காம் நாள் செடி தெருவுக்கு வந்தது. நடந்து முடித்த இடத்தில் தாரைப் பிளந்து வேரூன்றி, மறுநாள் பதினோரு மணிவரை அசையாமல் நின்றது. பேசாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் நடுத்தெரு வெயிலில் இலை துவண்டு கிடப்பதைப் பார்த்தும் வீட்டுக்குள் இருக்க அவளால் முடியவில்லை. குடத்தோடு போய் வேரடியில் அளவாக ஊற்றினாள், வாடிய பூக்களைக் கிள்ளினாள், தலையைக் குனிந்தபடி திரும்பினாள். மூன்று வருஷத்துக் கதை தெருவுக்கு மூன்றே நாளில் தெரிந்துபோயிற்று. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தைக்கக் கொடுத்திருந்தவர்கள் மட்டும் மிச்சத் துணி இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். மருந்துக்கடைக்காரர், "இன்னைக்கு நம்ம வாசலா?" என்று கேட்டுத் தன் சைக்கிளை நகர்த்தி வைத்தார். அன்று அவள் வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

நாற்பத்தோராம் நாள் செடி ஓட்டுநர் வீட்டு வாசலில் நின்றது. பின்னால் குடத்தோடு அவள். அவர் வெளியே வந்து செடியைப் பார்த்தார், பிறகு அவளை.

"அழுகலண்ணா. நாந்தான் எடுத்தேன். நீங்க தண்ணி அதிகமா ஊத்தல."

அவர் குனிந்து இலை ஒன்றைத் தடவினார். "இது மூணு வருஷத்துக்கு ஒருக்கா பிரிச்சு நடுற செடிதான. ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார். கதவைத் திறந்தார், செடி உள்ளே போயிற்று, கதவைச் சாத்தினார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே அவள் வீடு போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு செடி நகரவில்லை. நகராட்சி ஆட்கள் வந்து தெருவிலிருந்த குழிகளை அடைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு வருஷம் அவள் கடைக்குப் போக வேறு வழியில் சுற்றினாள். மூன்றாம் வருஷம், முதல் மழை பெய்த வாரத்தில், அந்தக் கதவைத் தட்டினாள். ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"செடியில ஒரு துண்டு பிரிச்சுக் குடுப்பீங்களாண்ணா?"

அவர் மண்வெட்டியை எடுத்து நீட்டினார். "வேர் அறுந்துடாம தோண்டு." அவள் தோண்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். வேர்க்கட்டை மறைக்காமல் இரு கையிலும் ஏந்தி, எல்லோரும் பார்க்க, நேர்த்தெரு வழியாகவே வந்தாள். காது மடல் சுட்டது. கொல்லையில் நட்டுவிட்டு மறுநாள் பதினோரு மணிக்கு ஜன்னலோரம் நின்று பார்த்தாள். செடி நட்ட இடத்திலேயே நின்றது.