மஹய்யாவையில் காய்ச்சல் இல்லை

ஆஸ்பத்திரிக் குமாஸ்தா வின்சன்ட் மறுபடியும் கூட்டிப் பார்த்தான். விடை மாறவில்லை, அவன் தலைதான் சுற்றியது.

1932 தை மாதம். கண்டி வட்டாரத்தில் இன்புளுவென்சா எத்தனை பேரைப் படுக்க வைத்திருக்கிறது என்று கொழும்பு கேட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணி அதைச் சொல்ல முடியாது. கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டிலேயே முடங்குகிறவர்கள்தான் அதிகம். ஆகவே ஊருக்குச் சில வீடுகளில் விசாரித்து, அதிலிருந்து மொத்தத்தை மதிப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர் அருளையா. தெல்தெனியவில் பாதி வீடுகளில் காய்ச்சல். ஹந்தானைத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் அதற்கும் மேலே. மஹய்யாவையில் ஒருவருக்குக்கூட இல்லை.

"இதென்ன காணும்?" என்றார் டாக்டர். "மலையிலை இருந்து இறங்கி வாற காய்ச்சல் மஹய்யாவையை மட்டும் சுத்திக்கொண்டு போகுதோ? திரும்பப் போய்க் கேட்டுக்கொண்டு வாரும். நிலைமை மோசமெண்டால் கல்யாணம், திருவிழா எல்லாத்தையும் ஒத்திவைக்கச் சொல்லவேணும்."

வின்சன்டுக்கும் மஹய்யாவை மார்கிரட்டுக்கும் மாதா கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கும் மூன்று ஓலையும் வாசித்தாகிவிட்டது. விபூதிப் புதனுக்குமுன் கல்யாணம் முடியாவிட்டால் கல்யாணம் செய்யக்கூடாத தவசுகாலம் வந்துவிடும். பிறகு உயிர்த்த ஞாயிறான பாஸ்குத் திருநாள்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பூச்சியத்தை ஆசைப்பட்டுத்தான் எழுதினானோ? அவனுக்கே தெரியவில்லை.

மஹய்யாவையின் முதல் வீட்டில் பியட்றிஸ் அக்கா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள்.

"காய்ச்சலா? எங்களுக்கா? நல்லாக் கேட்டீங்க, மாப்பிள்ளை!"

உள்ளே பலர் சேர்ந்து இருமினார்கள்.

"அது என்னக்கா?"

"அதுவா... மொளகா வறுத்தோம்."

பக்கத்து வீட்டிலும் மிளகாய்தான். எதிர்வீட்டிலும் அதேதான். தெருவே மிளகாய் வறுக்கிறதா, ஒரு நெடிகூட இல்லாமல்? ஒன்றும் புரியாமல் அவன் மார்கிரட் வீட்டுக்குப் போனான். அவள் கதவைப் பாதி திறந்தாள்.

"நீங்களும் மொளகா வறுக்கிறீங்களா?"

அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "நம்ம ஓலையை எல்லாரும் கேட்டாங்கல்ல? மாப்பிள்ளையே வந்து காய்ச்சல் இருக்கான்னு கேட்டா, யாருங்க ஆமான்னு சொல்லுவா? காய்ச்சல்னா கூட்டம் கூட விடமாட்டாங்க, கல்யாணத்தை நிறுத்தின பாவம் அவங்களுக்கு எதுக்கு?"

"உங்க வீட்ல?"

அவள் முகம் மாறியது. "எல்லாருக்கும். அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. உள்ளதை எழுதுங்க. எழுதினாத்தானே தெருவுக்கு மருந்து வரும்?"

வின்சன்ட் தெருவில் இறங்கினான். கல்யாணப் பந்தல் ஒருகணம் கண்முன் வந்து போனது.

"கல்யாணம் பாஸ்குக்கு அப்புறம்தான்!" என்று உரக்கச் சொன்னான். "காய்ச்சல் இருக்கிறவங்க மறைக்காமச் சொல்லுங்க!"

ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

"எங்க வீட்ல நாலு!" என்றாள் பியட்றிஸ் அக்கா.

"எங்க வீட்ல ஆறு!" என்றது எதிர்வீடு. அங்கே இருப்பதே ஐந்து பேர்.

"எனக்கும் போட்டுக்குங்க, எப்படியும் நாளைக்கு வந்துடும்!"

சற்றுமுன் ஒருவருக்கும் இல்லை. இப்போது ஊரில் உள்ளவர்களைவிட நோயாளிகள் அதிகம். பென்சிலைப் பிடித்தபடி அவன் விழித்தான். "இதில எதை நம்புறது, மார்கிரட்?"

"தொட்டுப் பார்த்து எழுதுங்க. என்கிட்ட இருந்தே ஆரம்பிங்க." அவள் கையை நீட்டினாள்.

தெருவே பார்த்துக்கொண்டிருக்க, தயங்கித் தயங்கி மணிக்கட்டைத் தொட்டான். நெருப்பாய்ச் சுட்டது. ஒன்று என்று எழுத வேண்டும். ஆனால் எழுத வேண்டிய கை அவள் மணிக்கட்டிலேயே இருந்தது.

"மாப்பிள்ளை, போதும் விடுங்க!" என்றாள் பியட்றிஸ் அக்கா. "பாஸ்குக்கு இன்னும் நாள் கிடக்கு!"