ரிப்பனில் மூன்று தையல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ரிப்பனிலிருந்து கிடைத்தது.

கிராமத்துச் சுகாதார நிலையம் ஒன்றுக்கு அரசு நிதியில் ஸ்கேன் இயந்திரம் வந்திருந்தது. திறப்பு விழாவன்று அது மக்கர் செய்யாமல் பார்த்துக்கொள்ள, விற்ற நிறுவனம் என்னை அனுப்பியது. அறை வாசலின் குறுக்கே சிவப்பு ரிப்பன். அதிகாரி கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன்: ரிப்பன் ஏற்கெனவே ஒருமுறை வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இடத்தில் மூன்று தையல். துணிக்குப் போடுகிற தையல் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனி முடிச்சு. காயத்தில் போடுவார்களே, அது.

நான் யாரிடமும் கேட்கவில்லை. (படித்த காலத்தில் வகுப்பில்கூட, சந்தேகத்தை விடுதிக்குக் கொண்டுபோய் நானே தீர்த்துக்கொண்ட ஆள்.) ஆகவே இனி வருவது என் கற்பனை. தையல் மட்டும் நிஜம்.

2

முதல் தொடக்கம்: "கிராமப்புற மருத்துவத்துக்கு அரசு ஒதுக்கும் நிதியானது" —

அடித்துவிட்டேன். செய்திக் குறிப்பு வாசனை.

இரண்டாவது: "அன்று வானம்" — வானத்துக்கு இங்கே வேலை இல்லை.

மூன்றாவது: நர்ஸ் கர்ப்பிணியின் வயிற்றிலிருந்து காதை எடுத்தார். இது பரவாயில்லை. இதிலிருந்தே போகிறேன்.

குழந்தையின் துடிப்பைக் கேட்கிற மரக்குழலை வேறு இடத்தில் வைத்து மறுபடியும் கேட்டார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். மறுபடியும் கேட்டார்.

"காலையிலேர்ந்து அசைவே இல்ல சிஸ்டர்," என்றாள் கர்ப்பிணி.

"தூங்குதோ என்னவோ. அப்படியே இவள மாதிரி," என்றாள் கூட வந்த நாத்தனார். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும்தான்.

(நாத்தனாரை முதலில் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை. குனிய முடியாதவளின் செருப்பைக் கழற்றி, கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படி நிற்பவளை எப்படிக் கெட்டவளாக்குவது?)

போன தடவையும் இப்படித்தான் அசைவு நின்றது. நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள்

இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.

3

பக்கத்து அறையில் இயந்திரம் தயாராக இருந்தது. நர்ஸ் அதற்கான பயிற்சிக்குப் போய் வந்தவர். ஆனால் வாசலில் ரிப்பன். அதிகாரிக்கு நேரம் அமையாமல் விழா தள்ளிக்கொண்டே போனது. அதுவரை யாரும் உள்ளே போகக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு.

(குனிந்து போகலாமே என்பீர்கள். நிறைமாத வயிற்றோடு குனிந்து பாருங்கள். அவிழ்க்கலாமே? விழா நாளைக்கே என்று நம்பி, காவலாளி இரண்டு பக்கமும் ஆணியடித்து இறுக்கிவிட்டார்.)

"அத வெட்டினா உங்க வேலைக்கே உலை வச்சிருவாங்க சிஸ்டர்," என்றார் காவலாளி.

"கத்தரிக்கோல் எடுங்கண்ணே."

"விழாவுக்குன்னு தங்கக் கலர்ல ஒண்ணு வாங்கி வச்சிருக்காங்க. அதையா?"

"எது கைக்குக் கிடைக்குதோ அது."

"குடுய்யா!" என்று கத்தினாள் நாத்தனார். "ரிப்பன்தான் பிரச்சினைன்னா என் பொண்ணு சடையிலேர்ந்து அவுத்துத் தரேன்!"

காவலாளி கத்தரிக்கோலைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, ரிப்பனை அவரே இழுத்துப் பிடித்தார். "லூசா இருந்தா கோணலா வெட்டும்."

4

இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

நான் படித்தது இயற்பியல். காதுக்கு எட்டாத ஒலியை உடம்புக்குள் அனுப்பினால், எதிலாவது பட்டுத் திரும்பும். துடிக்கிற ஒன்றில் பட்டால், சற்றே மாறித் திரும்பும். அந்தச் சிறு மாற்றத்தைத்தான் இயந்திரம் நமக்குக் கேட்கும் சத்தமாக்குகிறது. தேர்வில் எழுதியிருக்கிறேன். அப்போது அது வெறும் சமன்பாடு.

இன்னொன்று. எங்கோ ஒருவர் சோப்பு வாங்குகிறார். அதில் ஒரு துளி வரியாகப் போகிறது. அவருக்கு இந்தக் கர்ப்பிணியைத் தெரியாது. இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது. அந்தத் துளிகள் எந்தெந்த மேசையிலோ தேங்கி, வழியில் எவ்வளவோ சிந்தி, கடைசியில் இந்தச் சின்ன அறையில் ஒரு திரையாக ஒளிர்கின்றன. அரசு என்றால் எனக்கு வரிசையும் முத்திரையும்தான் நினைவுக்கு வரும். இதை எழுதும்போது, முகம் தெரியாத அத்தனை பேரும் ஒரு வயிற்றைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றியது.

5

ஒரு முடிவு:

"ஜில்லுன்னு இருக்கும்மா," என்று நர்ஸ் ஜெல்லைத் தடவினார். கருவியை நகர்த்தினார். இரைச்சல். பிறகு

(குதிரைக் குளம்பொலி என்று எழுதி அடித்தேன். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நாத்தனாரிடமே விட்டுவிடுகிறேன்.)

"யாரோ அவசர அவசரமா துணி தொவைக்கிற மாதிரி இருக்கு," என்றாள் நாத்தனார், செருப்பை நெஞ்சோடு அணைத்தபடி.

இன்னொரு முடிவு:

நர்ஸ் கருவியை நகர்த்தினார். இரைச்சல். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். இரைச்

என்னால் ஆகாது.

6

இனி, விழாவன்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

புதிதாக இருக்க வேண்டிய ஜெல் பாட்டில் கொஞ்சம் குறைந்திருந்தது. வெட்டியதை மறைக்க யாரோ காயம் தைக்கிற நூலை எடுத்திருக்கிறார்கள். அங்கே வேறு நூல் ஏது? தையல்கள் ஒரே சீராக இருந்தன. கை நடுங்கியிருந்தால் அப்படி வராது. ஆனால் நல்ல நர்ஸுக்கு எந்த நாளிலும் கை நடுங்காது. ஆகவே அதைக் குழந்தை பிழைத்ததற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதிகாரி தங்கநிறக் கத்தரிக்கோலை ரிப்பனை நோக்கி நீட்டினார்.

"ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கமா வெட்டுங்க," என்றார் நர்ஸ், தையல் இல்லாத இடத்தைக் காட்டி. காவலாளி விட்டத்தைப் பார்த்தார்.

அதிகாரி வெட்டினார். கைத்தட்டல்.

அந்தச் சத்தத்தில் எனக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. சுகாதார நிலையத்தில் குழந்தை அழுவது அதிசயம் இல்லை. நர்ஸ் திரும்பிப் பார்த்தார். காவலாளியும் பார்த்தார். நான் மட்டும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தின் பக்கம் திரும்ப எனக்கு எப்போதும் கூச்சம்.

நீங்கள் திரும்பிப் பாருங்கள். குழந்தையை வைத்திருப்பவளின் பக்கத்தில், யாராவது ஒரு ஜோடி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களா?