நாலு நாள் முன்னாடி

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருக்கும் அழகிரிக்கு எதையும் முன்கூட்டியே செய்து முடித்துவிட வேண்டும். பத்து மணி ரயிலுக்கு எட்டரைக்கே பெட்டியோடு பிளாட்பாரத்தில் நிற்பார். கல்யாண வீட்டுக்கு அவர் போகும்போது பந்தலில் நாற்காலிகூடப் போட்டிருக்க மாட்டார்கள். "விட்டா வாழை மரத்தையும் இவரே கட்டிட்டு வருவாரு" என்று மனைவி ரஞ்சனி கேலி செய்வாள். அவருக்கு அதெல்லாம் உறைக்காது. முன்னால் போனவன் கெட்டுப் போனதாக எங்கே கேள்விப்பட்டிருக்கிறோம் என்பார்.

அப்படிப்பட்ட மனுஷன்தான் மகள் இளவேனிலின் ஓபிசி சான்றிதழை மார்ச் மாதமே வாங்கி வைத்தார். பரீட்சை முடிந்தால் ஊரே இ-சேவை மையத்தில் வந்து நிற்கும், அந்தக் கூட்டத்தில் நாம் ஏன் இடிபட வேண்டும் என்று நினைத்தார். மார்ச் இருபத்தெட்டாம் தேதி கைக்கு வந்தது. வரும் வழியிலேயே அதை லேமினேட் செய்து, புது மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார்.

ஜூன் மாதம் துவாக்குடியில் இருக்கும் மத்திய அரசுக் கல்லூரியில், எலக்ட்ரிக்கல் பிரிவில், அவளுக்கு இடம் கிடைத்தது. தெருவில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அழகிரி சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷம் மூன்று நாள்கூட நிற்கவில்லை. நேற்று மாலை செய்தி வந்தது. சான்றிதழ் ஏப்ரல் ஒன்றாம் தேதியோ அதற்குப் பிறகோ வாங்கியதாக இருக்க வேண்டும். இன்று மாலை ஐந்து மணிக்குள் புதியதைப் பதிவேற்றாவிட்டால் சீட் ரத்து.

நாலு நாள். வெறும் நாலு நாள் முந்திவிட்டார்.

காலை ஏழு மணிக்கே ஸ்ரீரங்கத்தில் இ-சேவை மையத்தின் ஷட்டர் முன்னால் அப்பாவும் மகளும் நின்றார்கள். மையத்தை நடத்தும் சபீனா ஒன்பதரைக்கு வந்து, விஷயத்தைக் கேட்டதும் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் விண்ணப்பத்தைப் போட்டாள்.

"விஏஓ, ஆர்ஐ, தாசில்தார், மூணு பேரும் ஓகே பண்ணணும்ண்ணே. சாதாரணமா பத்து நாளாவது ஆகும். நீங்க ஒவ்வொருத்தரையா நேர்ல போய்ப் பாருங்க. பாப்பா இங்கயே இருக்கட்டும். வந்ததும் அடுத்த நிமிஷம் ஏத்திடுவோம்."

விஏஓ பதினோரு மணிக்கு முடித்துக் கொடுத்தார். ஆர்ஐயைத் தேடித் திருவெள்ளறை வரை பைக்கில் போய், ஒரு வாய்க்கால் ஓரத்தில் பிடித்தார் அழகிரி. அவரும் நல்ல மனுஷன், நின்ற இடத்திலேயே கைபேசியில் ஒப்புதல் கொடுத்துவிட்டார். அப்போது மணி ஒன்றரை. தப்பித்தோம் என்று நினைத்தபடி தாலுகா ஆபீசுக்கு வந்தவர், வாசலில் கட்டியிருந்த பந்தலைப் பார்த்ததும் பைக்கை அப்படியே நிறுத்தினார்.

ஜமாபந்தி. வருஷத்துக்கு ஒரு தடவை மேலதிகாரி வந்து உட்கார்ந்து, ஊர் ஊராகக் கணக்குப் பார்த்து, மனு வாங்கும் நாள். தாசில்தார் மேடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கீழே பட்டா கேட்டும் பென்ஷன் கேட்டும் இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். அழகிரியும் கடைசியில் போய் நின்றார். வாழ்நாளில் அவர் எந்த வரிசையிலும் கடைசியில் நின்றதில்லை.

மூன்றரை ஆனது. நாலு ஆனது. இளவேனில் கைபேசியில் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவரை அறுத்தது. நாலே காலுக்கு அவரால் தாங்க முடியவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து, டவாலி போட்ட பியூன் தடுக்கத் தடுக்க மேடை ஏறி, தாசில்தாரின் காலில் விழுந்தார். யூனியன் கூட்டத்தில் அதிகாரிகளை நேருக்கு நேர் கேள்வி கேட்ட மனுஷன், நெற்றி தரையில் பட விழுந்து கிடந்தார்.

"எழுந்திரிங்க. என்னங்க இது, முதல்ல எழுந்திரிங்க."

"பொண்ணோட காலேஜ் சீட்டுங்க. அஞ்சு மணிக்குள்ள ஒரு கையெழுத்துங்க."

தாசில்தார் பக்கத்து நாற்காலியில் இருந்த மேலதிகாரியை ஒரு பார்வை பார்த்தார். "இந்தக் கிராமத்தை முடிச்சுட்டு ரூமுக்குப் போறேன். கையெழுத்துப் போடற கம்ப்யூட்டர் அங்கதான் இருக்கு. நிச்சயம் போட்டுத் தரேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கிராமம் முடிய ஐந்து மணி ஆயிற்று.

ஐந்து ஐந்துக்கு அழகிரியின் கைபேசியில் குறுஞ்செய்தி வந்தது. சான்றிதழ் ஒப்புதல் ஆகிவிட்டதாம். "வந்துடுச்சா? அப்பாடா, சந்தோஷம்" என்றார் வரிசையில் அவருக்கு முன்னால் நின்றிருந்த பெரியவர். அழகிரி அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு பைக்கை எடுத்தார்.

மையத்தில் சபீனா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் திரை, நேரம் முடிந்தது என்று காட்டிக்கொண்டிருந்தது. இளவேனிலின் மடியில் லேமினேட் செய்த பழைய சான்றிதழ் இருந்தது. என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் எதிரில் உட்கார்ந்தார் அழகிரி. திட்டினால்கூட நன்றாயிருக்கும்.

"அப்பா, எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் அவள். "ஏப்ரல்லயே படிச்சேன், புதுசா வாங்கணும்னு. நாலு நாள்தானே, விட்டுடுவாங்கன்னு நெனைச்சுட்டேன். நீங்க இதைக் கையில வச்சுக்கிட்டு சிரிச்சீங்கல்ல. அதைப் பாத்துட்டு, மறுபடி வாங்குங்கன்னு சொல்ல மனசு வரலை."

அழகிரிக்கு அழுகை வந்துவிட்டது. சபீனா ஷட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

"மாநில கவுன்சிலிங்குக்கு சர்டிபிகேட் சரிபார்க்கணும்னு சொன்னியே, எப்பம்மா?"

"நாளைக்குப்பா. பத்து மணிக்குத்தான் திறப்பாங்க."

"சரிம்மா. பத்து மணிக்கே போவோம்."

இளவேனில் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு பழைய சான்றிதழைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்தாள்.

"வேணாம்ப்பா. எட்டு மணிக்கே போயிடுவோம்."