பூபாலசிங்கத்தோடு நடந்துபோன மின்சாரம்

1937ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, சாரதி பூபாலசிங்கம் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் வேலையை விட்டுவிட்டு வெள்ளவத்தைக்கு நடக்கத் தொடங்கியபோது, ஒன்பது வருஷமாக அவர் ஓட்டிய காரின் மின்சாரமும் இறங்கி அவருக்குப் பின்னால் போயிற்று. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் விற்பனைக்கு வைத்திருந்த, எந்தக் கம்பியிலும் சேராத மின்விசிறி மூன்று சுற்றுச் சுற்றி நின்றது. தெருவோரம் படுத்திருந்த நாய்களுக்கு முதுகு மயிர் எழும்பிப் படிந்தது. வேறு சேதம் எதுவுமில்லை.

பூபாலசிங்கம் வேலையை விட்ட காரணம் பெரிதல்ல என்று காரின் சொந்தக்காரரான பெல்லமி துரை பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார். அவர் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு தேயிலைக் கம்பனிக்குத் தலைவர். அன்று காலை மழை. காரின் மிதிபலகையில் சேறு பட்டிருந்தது. சீமாட்டிகள் இறங்குமுன் துடைக்கச் சொன்னார். பூபாலசிங்கம் துணியால் துடைத்தார். துணி அழுக்கு, உன் கோட்டைக் கழற்றித் துடை என்றார் துரை. பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். பூபாலசிங்கம் அவிழ்ந்திருந்த மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, சாவியை எஞ்சின் மூடியின் மேல் வைத்துவிட்டு நடந்தார். துரை வேறொருவரைச் சாரதி ஆசனத்தில் ஏற்றி ஸ்டார்ட்டரை மிதிக்கச் சொன்னார். கார் முனகக்கூட இல்லை.

ஒன்பது நாளில் மூன்று மெக்கானிக்குகள் மூன்று புதுப் பற்றறிகளைப் போட்டுப் பார்த்தார்கள். நாலாவதாகக் கொட்டாஞ்சேனையிலிருந்து பிறிஜெற்றைக் கூப்பிட்டார்கள். புருஷன் இறந்த பிறகு ஜம்பட்டா வீதியில் அவனுடைய பற்றறி சார்ஜ் கடையைத் தானே நடத்திவந்தவள் அவள். வயது முப்பத்தெட்டு. அமிலம் தெறித்து அவளுடைய சேலைகளிலெல்லாம் சல்லடைக் கண் விழுந்திருந்தது. கம்பனியின் பதினாலு லொறிகளுக்கும் பற்றறி சார்ஜ் செய்துகொடுத்தவள் அவள்தான். அவளுடைய அடுப்பு பாதிக்கு மேல் அந்த லொறிகளால்தான் எரிந்தது.

பிறிஜெற் அவசரப்படுகிறவள் அல்ல. முதலில் பற்றறியின் முனைகளைக் கழற்றிச் சோடாத் தண்ணீரால் கழுவி, தேய்த்து, வாசலீன் பூசி மறுபடி பூட்டினாள். பிறகு மிதவை போட்ட கண்ணாடிக் குழாயால் மூன்று அறைகளிலும் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தாள். மிதவை உச்சிக்கு ஏறி நின்றது. அதாவது பற்றறி நிறைந்திருந்தது. முன்விளக்கைப் போட்டாள், எரியவில்லை. அதே பற்றறியைத் தூக்கிக் கம்பனி லொறியில் வைத்தாள். லொறி ஒரே மிதியில் கிளம்பியது. ஸ்டார்ட்டரைக் கழற்றிப் புல்லில் வைத்துக் கம்பி கொடுத்தாள், பம்பரமாய்ச் சுழன்றது. திரும்பவும் காரில் பூட்டினால் கல்லாய்க் கிடந்தது. கம்பிகளையும் எர்த் இணைப்பையும் ஒவ்வொன்றாக மாற்றினாள். மூன்றாம் நாள் மத்தியானம் கைகளைக் கழுவிக்கொண்டு, காரில் ஒரு பிழையும் இல்லை, மின்சாரம் மட்டும் அதில் இருக்க விரும்பவில்லை என்று சொன்னாள்.

கம்பனியின் தலைமை எழுதுவினைஞர் சிவபாதசுந்தரம் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். சாரதி புதுப் பற்றறியைத் திருடிவிட்டுப் பழையதை வைத்தான் என்று அதில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது. கன்னியாஸ்திரிமாரிடம் படித்த பிறிஜெற் அதை இரண்டு முறை வாசித்தாள்.

“இதில கையெழுத்து வைச்சா அந்த மனிசன் ஜெயிலுக்குப் போவார், என்ன ஐயா?”

“அது கோர்ட்டின்ர வேலை. நீங்கள் வையுங்கோ. பதினாலு லொறியையும் நினைச்சுப் பாருங்கோ.”

“நினைச்சுத்தான் பாக்கிறன். பற்றறியில பிழை இல்லை. இல்லாததை நான் எழுத மாட்டன்.”

அடுத்த நாளிலிருந்து லொறிகள் ஜம்பட்டா வீதிக்கு வரவில்லை. பூபாலசிங்கத்தின் மேல் வழக்கு வந்தது.

பிறிஜெற் கடையிலிருந்ததிலேயே மோசமான பற்றறியை, தகடெல்லாம் வெள்ளை பூத்துச் செத்துப்போயிருந்ததை, றிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனாள். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் பூபாலசிங்கத்தின் வீட்டு வாசற்படியில் அதை வைத்தாள். அவர் மனைவி ஜெகதீஸ்வரி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பூபாலசிங்கம் பக்கத்தில் வந்து குந்தினார். கோப்பை பாதி ஆகுமுன் பற்றறிக்குள் குமிழி கொதிக்கத் தொடங்கியது. பிறிஜெற் மிதவையை விட்டுப் பார்த்தாள். நிறைந்திருந்தது.

“நீங்க கூட்டிக்கொண்டு வந்தீங்களா, அண்ணன்?”

“நான் ஒண்டையும் எடுக்கேல்லை. சாவியைக்கூட வைச்சிட்டுத்தான் வந்தனான். தெகிவளைச் சந்தையில ஒருக்கா உதறிக்கூடப் பாத்தனான். போகுதில்லை.”

“போகச் சொல்லிப் பாக்கலையா?”

“ஒன்பது வருஷம் ஒண்டா வேலை செய்தனாங்கள். அதுக்கும் ரோசம் இருக்கும்தானே. ஏன் போகச் சொல்லவேணும்?”

பிறிஜெற்றுக்கு அன்று வீடு திரும்பும்போது நெஞ்சு லேசாக இருந்தது. லொறிகள் போன பயம் போகவில்லை; ஆனால் அந்தப் பயத்துக்கு இப்போது ஒரு துணை இருந்தது.

வழக்கு புதுக்கடை நீதிமன்றத்தில் அக்டோபரில் வந்தது. காரைச் சான்றுப் பொருளாகக் கொண்டுவரவேண்டியிருந்ததால், கிராண்ட்பாஸிலிருந்து ஒரு சோடி வண்டி மாடுகளைப் பிடித்துப் பூட்டி இழுத்துவந்தார்கள். வழிநெடுகச் சனம் நின்று பார்த்தது. சாட்சிக்கு வந்த பிறிஜெற் நீதவானுக்கு முன்னால், முற்றத்தில், வாசலீனிலிருந்து ஸ்டார்ட்டர் வரை எல்லாவற்றையும் அதே ஒழுங்கில் செய்து காட்டினாள். கார் அசையவில்லை. பிறகு குற்றவாளிக் கூண்டிலிருந்து பூபாலசிங்கத்தைக் கூட்டிவந்து முன்சில்லுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னாள். கார் முதல் மிதியிலேயே உறுமி எழும்பியது. அவர் மூன்றடி பின்னால் வைத்தார், நின்றது. நீதவான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தானே ஏறி மூன்று முறை மிதித்தார். மூன்று முறையும் அப்படியே நடந்தது.

துரையின் வழக்கறிஞர், பற்றறி திருட்டுப் போகவில்லையென்றாலும் மின்சாரம் துரையின் சொத்து, திருப்பிக் கொடுக்க உத்தரவிடவேண்டும் என்று வாதாடினார். அது முடியுமா என்று நீதவான் பிறிஜெற்றைக் கேட்டார்.

“பூட்டிவைச்சதைத் திறந்து எடுத்தா அது களவு, ஐயா. தன்ர காலால போனதுக்கு நான் என்ன சொல்ல? அதை ஒருத்தரும் கட்டி இழுக்க ஏலாது. நானும் இழுக்க மாட்டன்.”

நீதவான் அதை எழுதிக்கொண்டு பூபாலசிங்கத்தை விடுதலை செய்தார். நீதிமன்றப் படியிலேயே சிவபாதசுந்தரம் வந்து, துரை கூடுதல் சம்பளத்தோடு வேலை தருகிறார் என்றார். பூபாலசிங்கம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: அதே திடலில், அன்று சிரித்தவர்கள் பார்த்துநிற்க, துரை தன் கோட்டைக் கழற்றி மிதிபலகையைத் துடைக்கவேண்டும். துரை துடைக்கவில்லை. மாடுகள் காரைத் திருப்பி இழுத்துப் போயின. துரை சீமைக்குப் போகும் நாள்வரை அது தாழ்வாரத்தில் நின்றது, அதற்குள் கோழிகள் முட்டையிட்டன.

பிறிஜெற்றின் கடை நாலு மாதம் ஈயோட்டியது. அவள் மூடவில்லை. பிறகு வாடகைக் கார்க்காரர்கள், கொலன்னாவை எண்ணெய் லொறிச் சாரதிகள், பாமன்கடை ஊரிலிருந்துகூட ஆட்கள், சொல்லிவைத்ததுபோல் பற்றறிகளைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். அடுத்த வருஷம் முடியுமுன் கொழும்பில் இன்னும் ஏழு கார்கள், சாரதி போன கையோடு, அதே மாதிரி நின்றன. யுத்தம் வந்து முடிந்தபோது கணக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. மோட்டர் பட்டறைகளில் யாரும் இதைப் பெரிதாகக் கதைப்பதில்லை. ஸ்டார்ட்டர் கடித்துப் பிடித்துக்கொள்வதைப் போல, முனையில் பச்சைக் களிம்பு பிடிப்பதைப் போல, இதுவும் காருக்கு வரும் ஒரு நோய் என்றாகிவிட்டது.

1946இல் கறுவாத்தோட்டத்தில் ஒரு பெரிய வழக்கறிஞர் வீட்டிலிருந்து ஆள் வந்து பிறிஜெற்றை அழைத்துப் போனான். புத்தம் புதுக் கார். வீட்டு அம்மணி வாசலில் நின்றார். வெள்ளைக்காரர் அல்ல, நம்மவர்தான்.

“டிரைவர் எங்க, நோனா?” என்று கேட்டாள் பிறிஜெற்.

“நேற்று நிப்பாட்டிட்டம்.”

“என்ன சொல்லி நிப்பாட்டினீங்க?”

அம்மணி பூச்சட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறிஜெற் எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. பையைத் தோளில் மாட்டினாள்.

“பற்றறி நல்லம். டிரைவர்ர வீட்டு விலாசம் இருக்கா?”

அம்மணி உள்ளே போய் அதைத் தேடத் தொடங்கினார்.