டேவிஸ் சாருக்கான ஜெபக் குறிப்பு

மனைவி மோலி சபையின் வாட்ஸ்அப் குழுவில் அந்த ஜெபக் குறிப்பைப் போட்டதிலிருந்து டேவிஸ் சாருக்குத் தலை நிமிரவில்லை. 'என் கணவரின் குடலிலிருந்து புற்றுக்கட்டியை எடுத்துவிட்டார்கள். இன்னும் காற்று பிரியவில்லை. ஊக்கமாக ஜெபியுங்கள்.' மைசூரில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். அவருடைய காற்றுக்காக ஒரு சபையே முழங்காலில் நிற்கிறதாம்! கைகூப்பிய பொம்மைகள் குழுவில் வரிசையாக வந்து விழுந்தன.

டாக்டர் மனிஷா சின்னப் பெண். வெட்டி இணைத்த குடல் விழித்துக்கொண்டால்தான் சாப்பாடு, அதற்கு நடக்க வேண்டும், சூயிங்கம் மெல்ல வேண்டும் என்று ஒரு பாக்கெட்டையும் கொடுத்திருந்தாள். வகுப்பில் சூயிங்கம் மென்றவர்களைப் பெஞ்சின்மேல் ஏற்றியவர், மூத்திரப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் அசைபோட்டபடி உலாத்துவதா? பாக்கெட் தலையணைக்கு அடியில் போனது.

மறுநாளும் டாக்டர், காற்று போயிற்றா என்று வார்டுக்கே கேட்கும்படி கன்னடத்தில் கேட்டாள். "கேஸ் ஹோய்த்தா, சார்?"

மோலி போனும் கையுமாக நின்றாள்.

"ஹோய்த்து," என்றார் டேவிஸ் சார். "போச்சு."

போகவில்லை. இந்தப் பேச்சு இத்தோடு ஒழியட்டும் என்றுதான் சொன்னார். மோலி "ஸ்தோத்திரம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாப்பிடலாம் என்று உத்தரவானது, இட்லி வந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு சபையில் சாட்சி சொல்லப் போய்விட்டாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் வயிறு மத்தளமாக உப்பியது. தின்றதெல்லாம் வாந்தியாக வந்தது. மூக்கு வழியே குழாய் இறக்கினார்கள். காற்று போய்விட்டுப் பிறகு நின்றிருக்கிறது என்றால் இணைத்த இடத்தில்தான் கோளாறு இருக்கும், மறுபடி திறக்க வேண்டி வரலாம் என்று மனிஷா நர்ஸிடம் கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதை நம்பித்தான் அந்தப் பெண் கணக்குப் போடுகிறாள்.

மோலி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். "நான் சாட்சி சொல்லச் சொல்ல எல்லாரும் அழுதுட்டாங்க, தெரியுமா..." குழாயைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

அவர் சொன்ன பொய்யைத்தான் அவள் பலிபீடத்தின் முன்னால் நின்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். டேவிஸ் சாருக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாள் வெட்கப்பட்டதெல்லாம் ஒரு வெட்கமா?

"போகவே இல்ல, மோலி," என்றார். பிறகு டாக்டரைப் பார்த்து, "நான் பொய் சொன்னேம்மா. நடக்கவும் இல்ல."

மனிஷா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இவாக ஆதரூ ஹேளிதிரல்லா, சார்," என்றாள். இப்போதாவது சொன்னீர்களே என்று. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், குடல் வெறுமனே தூங்கிக்கொண்டிருந்தால் கத்தியே வேண்டாம் என்றாள்.

மோலி ஸ்டூலில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள்.

"என்ன பண்ற?"

"சாமி சன்னிதியில தப்பா சொல்லிட்டேனே. திருத்த வேணாமா? எனக்குப் பொய்யின்னு தெரியாதுன்னு யாருங்க நம்புவாங்க?"

"குடு. நானே போடறேன்."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சூயிங்கத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, குழு முழுவதற்கும் எழுதினார்: 'எனக்கு இன்னும் காற்று பிரியவில்லை. பிரிந்ததாகப் பொய் சொன்னவன் நான்; மோலிக்கு ஒன்றும் தெரியாது. தயவுசெய்து ஜெபியுங்கள். டேவிஸ்.'