கழிக்காத இருபத்தேழு வினாடிகள்

1

இந்தக் கதை கற்பனையில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. பிறந்தது என் அசட்டையில். அதனால்தான் முதல் வரியை இத்தனை தடவை மாற்றுகிறேன்.

"ஓர் ஊரில் ஒரு கணினி—" (சீ, குழந்தைக் கதையா இது?)

"காலம் என்பது யாதெனில்—" (யார் கேட்டார்கள்?)

சரி, நேராகவே வருகிறேன். என் அக்காவுக்கு ஆம்புலன்ஸ் நிலையத்தில் போன் எடுக்கும் வேலை. நான் அங்கேயே புரோகிராம் எழுதுபவன்.

2

போன வருஷம் ஒரு பெண் கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரர் வாய் கோணி விழுந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார், பேச்சு மட்டும் திரும்பவில்லை. வண்டி தாமதம் என்று புகார் வந்தது. போன் பேசி முடித்தது காலை 11:14:08. வண்டிக்கு உத்தரவு போனது 11:14:37.

"நடுவுல இருபத்தொன்பது செகண்ட் என்னம்மா பண்ணே?" என்று விசாரணையில் கேட்டார்கள்.

அக்கா யோசித்து யோசித்து, "தண்ணி குடிச்சேன் போலிருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கோப்பு அறையில் வேலை. மேசையில் தண்ணீர் பாட்டிலே வைப்பதில்லை.

3

(கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.) பூமி சுற்றுவதில் கொஞ்சம் சோம்பேறி. அதை ஈடுகட்ட நம் கடிகாரத்தில் எப்போதாவது ஒரு லீப் வினாடி சேர்ப்பார்கள். இதுவரை இருபத்தேழு. எங்கள் நிலையத்தின் பெரிய கணினியான மெயின்ஃபிரேம் அவற்றையும் சேர்த்து நிற்காமல் எண்ணிக்கொண்டே போகும். அந்த எண்ணை நம் நேரமாக மாற்றும்போது இருபத்தேழைக் கழிக்க வேண்டும். போன் நேரம் சாதாரணக் கடிகாரத்தில் பதிவானது, உத்தரவு நேரம் மெயின்ஃபிரேமில். விசாரணைக்காக அதை மாற்றிக் கொடுத்த மகானுபாவன் கழிக்கவில்லை.

மகானுபாவன் நான்தான். வந்த தாளில் இருக்கை எண் மட்டுமே இருந்தது. அக்கா என்று தெரியாது. (தெரிந்திருந்தால் கழித்திருப்பேனா? இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

ஆக, அவள் எடுத்துக்கொண்டது இரண்டே வினாடி.

4

வேறொரு வேலைக்காக அதே புரோகிராமைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அக்காவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. இதுவரை எழுதியதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

படித்தாள். "அப்போ நான் தண்ணியே குடிக்கலையாடா?"

"இல்லக்கா. அதுக்கு நேரமே இல்ல."

"எனக்கு ஞாபகம் இருக்கேடா. டம்ளர்கூட ஜில்லுன்னு இருந்துச்சு."

எங்கள் வீட்டில் கதை எழுதுகிற ஆள் நான் என்று நினைத்திருந்தேன். இல்லாத வினாடிகளுக்குள் உட்கார்ந்து அவள் ஒரு டம்ளரையே உண்டாக்கியிருக்கிறாள்.

"பாவி, ஒரு வருஷமாடா!" முதுகில் ஒன்று வைத்தாள். நன்றாகவே வலித்தது. அப்புறம் அழுதாள். நானும்தான்.

5

முடிவு அ: அவள் பழைய இருக்கைக்கே திரும்புகிறாள்.

முடிவு ஆ: "போதும்டா சாமி" என்று வேலையை விட்டு—

இரண்டையும் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "இதை நீ எழுதாத. உனக்குக் கழிக்கவே தெரியல."

இப்போது காலை எட்டு மணி. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். சமையலறையில் குழாய் திறக்கிற சத்தம். பாட்டில் நிறைகிறது. எந்த மேசைக்கு என்று நான் கேட்கவில்லை. நீங்களும் அவசரப்படாதீர்கள்.